யாருடைய கொலைவெறி?

காதல் தோல்விப் பாட்டு என்று ஒரு சாதி தமிழ் சினிமாவில் உண்டு. தாடி, புட்டி, இருமல், இருட்டு. நடுவில் ஒருத்தன் நின்றுகொண்டு, போனவளைப் பற்றிப் பாடுவான். போனவள் ஏன் போனாள் என்பது பாட்டில் இருக்காது. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்பதும் இருக்காது. அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் போட்ட விதியை, தமிழ் படிக்காத சினிமாக்காரர்கள்கூட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். பெயர் இல்லை என்றால் சாதியும் இல்லை. சாதி இல்லை என்றால் குற்றவாளியைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

1953இல் வந்த 'தேவதாஸ்' படத்தில் குறைந்தபட்சம் ஒரு அப்பன் இருந்தான். அந்தஸ்து பார்த்துப் பிரித்தவன் அவன்தான் என்பது படம் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். பின்னால் வந்த பெரும்பாலான பாட்டுகளில் அப்பன் மெல்ல மெல்லக் காணாமல் போனான். அண்ணன்காரன் போனான், மாமன்காரன் போனான், ஊர்ப் பஞ்சாயத்து போனது. மிச்சம் அவனும் அவளும்தான். இருப்பதே ரெண்டு பேர் என்றால் ஒருத்தர் குற்றவாளியாக வேண்டுமே. பாடுகிறவன் அவன். ஆகவே குற்றவாளி அவள்.

இந்த வரிசையில் என் தலைமுறைக்கு வாய்த்தது 2011 நவம்பரில் வெளியான 'கொலவெறி'. தனுஷ் எழுதிப் பாடி அனிருத் இசையமைத்தது. அடுத்த வருஷம் வந்த '3' படத்துக்கான பாட்டு. சில வாரங்களில் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அந்த டிசம்பரில் ஜப்பான் பிரதமர் வந்தபோது இந்தியப் பிரதமர் கொடுத்த விருந்துக்குப் பாடியவரையும் அழைத்தார்கள். தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்க, டெல்லிக்காரனும் மும்பைக்காரனும் அந்த வருஷம் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் 'கொலவெறி'தான்.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தபோது ஒரு மாணவத் தம்பி சொன்னான்: "அது சும்மா ஜாலிக்குப் பாடுனது அக்கா. அதுக்குப் போயி அர்த்தம் பாக்குறீங்களே." சும்மா பாடுகிறதில்தான் ஒரு சமூகத்தின் மனசு பூட்டு இல்லாமல் திறந்து கிடக்கிறது. ஏற்றப்பாட்டையும் ஒப்பாரியையும் ஆராய்ந்து பட்டம் வாங்கலாம் என்றால் இதையும் உட்கார்ந்து படிக்கலாம்.

முதலில் அந்தப் பாட்டுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது வந்தபோது நான் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. எங்கள் காலனியில் தண்ணி டேங்க் அடியில் பையன்கள் செல்போனில் போட்டுவிட்டுக் கூடவே பாடுவார்கள். அவர்களில் பாதிப்பேர் இங்கிலீஷ் பாடத்தில் பெயிலாகிப் படிப்பை விட்டவர்கள். கல்லூரியில் நாங்கள் வாயைத் திறந்து ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொன்னால் கடைசியில் ஒரு 'உ' ஒட்டிக்கொள்ளும், வகுப்பே சிரிக்கும். இந்தப் பாட்டு அந்த 'உ'வையே ராகமாக்கிவிட்டது. உடைந்த இங்கிலீஷை வெட்கமில்லாமல் பாடலாம், உலகமே தாளம் போடும் என்று காட்டியது. எங்களைப் பார்த்துச் சிரித்த மொழியைப் பார்த்து எங்கள் பையன்கள் திருப்பிச் சிரித்தார்கள். அந்தக் கலகத்தை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் கலகம் மொழியோடு நின்றுபோனது. பொருளுக்குள் போனால் பழைய சரக்குதான். பாட்டில் வானத்து வெளிச்சத்தையும் இருட்டையும் காட்டி, அவள் தோலின் நிறத்தையும் மனசின் நிறத்தையும் எதிரெதிராக வைக்கும் இடம் ஒன்று உண்டு. தோல் வெளுப்பு என்பது புகழ்ச்சி. மனசு கருப்பு என்பது வசை. பாடுகிறவனே தன்னைக் கருத்த, ஒல்லியான, பக்கத்து வீட்டுப் பையனாக நிறுத்திக்கொண்டுதான் பாடுகிறான். தன் தோலின் நிறத்தையே வசைச்சொல்லாக எடுத்து இன்னொருத்திமேல் வீசுகிறோமே என்று அவனுக்கு உறைக்கவில்லை. எங்கள் தெருப் பையன்களுக்கும் உறைக்கவில்லை. எங்கள் தெருப் பெண்களுக்கு உறைத்தது. கருத்தவளை நினைத்து யாரும் தாடி வளர்ப்பதில்லை என்று அந்தப் பாட்டு மறைமுகமாகச் சொல்லிவிட்டது. காதலிக்கப்படவும் தகுதியில்லை, துரோகியாகத் திட்டப்படவும் தகுதியில்லை.

பிறகு, தான் செத்துக்கொண்டிருக்கும்போது அவள் சந்தோஷமாக இருக்கிறாளே என்று கடவுளிடம் புலம்புகிற இடம். காதல் தோல்விப் பாட்டுகளின் அஸ்திவாரமே இந்தக் கற்பனைதான். அவள் எங்கோ சந்தோஷமாக இருக்கிறாள்! யார் பார்த்தது? பாட்டில் அவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. சங்கப் பாட்டில் பிரிவு என்றால் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், கண்டோர்கூடப் பேசுவார்கள். ரெண்டாயிரம் வருஷத்து முன்னேற்றம், அவள் வாயை அடைத்ததுதான்.

கடைசியில் பாட்டு 'சூப் பாய்ஸ்' என்று ஒரு கூட்டத்துக்குச் சமர்ப்பணமாகிறது. காதலில் தோற்ற பையன்களுக்குத் தெரு வைத்த பெயர். அழுகிறவனுக்கு ஒரு கூட்டம், ஒரு பெயர், ஒரு பாட்டு. ஆனால் சூப் பெண்கள் என்று ஒரு கூட்டம் கிடையாது. ஊர்க்கார மைனர் காலனிப் பெண்ணோடு பழகிவிட்டு, நேரம் வந்ததும் சொந்த சாதியில் நகை நட்டோடு கட்டிக்கொண்டு போவான். அவளுக்கு நடந்ததைக் காதல் தோல்வி என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். 'கெட்டுப்போனவ' என்பார்கள். பஞ்சாயத்தில் தொகை பேசி முடிப்பார்கள். அவள் பாட வேண்டுமென்றால் ஒப்பாரிதான் பாட வேண்டும், அதுவும் வாய்க்குள்ளேயே.

எங்கள் ஆயாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. அந்தப் பாட்டில் அதற்கு விளங்கியது ஒரே ஒரு சொல். ஒருநாள் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டது: "ஏண்டா, கொலவெறி கொலவெறின்னு கத்துறீங்களே, யாரு யாரைடா கொன்னது?" பையன்கள் சிரித்தார்கள். "அது பொண்ணப் பாத்துப் பாடுறது ஆயா." "பொண்ணு எவனைக் கொன்னா? நம்ம பக்கம் அப்பிடி எங்கயும் நடக்கலியே."

எம்.ஏ. வகுப்பில் எத்தனையோ உரையாசிரியர்களைப் படித்தேன். இதைவிடக் கூரான உரையை நான் படிக்கவில்லை.

வெறி என்ற சொல் அகப்பாட்டுக்குப் புதிதல்ல. காதலால் மகள் மெலிந்து போகிறாள். காரணம் தெரியாத தாய், முருகு அணங்கியது என்று வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு எடுக்கிறாள். ஆட்டுக்குட்டி அறுபடுகிறது. யாரோ இருவர் காதலித்ததற்கு ஒரு பாவமும் அறியாத மறி சாகிறது. வெறியும் கொலையும் அன்றைக்கே ஒரு களத்தில்தான் நின்றன. கவனித்துப் பாருங்கள். அந்த வெறி அவளுடையதல்ல. அவளைச் சுற்றி இருக்கிற வீட்டாருடையது.

கலித்தொகைக் குறிஞ்சியில் ஒரு காட்சி உண்டு. காதல் வெளிப்பட்டதும் அவள் உடன்பிறந்தவர்கள் அம்பைப் பார்க்கிறார்கள், வில்லைப் பார்க்கிறார்கள். ஒரு பகல் முழுக்கக் கொதிக்கிறார்கள். பிறகு ஆறி, இருவர்மேலும் குற்றமில்லை என்று தலையைக் கவிழ்க்கிறார்கள். வகுப்பில் இதை நடத்தியபோது தமிழர் காதல் பண்பாடு என்று ஆசிரியர் உருகினார். அந்தக் கோபம் ஒரே பகலில் ஆறியது எப்படி என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்துப் பொருத்தத்தை மெய்ப்பாட்டியல் வரிசை போடுகிறது. முதல் பொருத்தம் பிறப்பு. அடுத்தது குடிமை. அன்பு ஒத்துப்போவதெல்லாம் பின்னால்தான் வருகிறது. அடியோருக்கும் வினைவலருக்கும் காதல் உண்டா என்றால், உண்டு, ஆனால் ஐந்திணைக்குப் புறத்தே என்கிறது அகத்திணையியல். உரைகாரர்கள் எங்களைக் கைக்கிளையிலும் பெருந்திணையிலும் கொண்டுபோய் விட்டார்கள். அகத்துக்குள்ளேயே ஒரு சேரி. ஒத்த பிறப்பு என்றால் வில் தானாகத் தாழும். ஒவ்வாத பிறப்பு என்றால்?

அதற்கான விடையைப் புலவர்கள் பாடவில்லை. எங்கள் ஆட்கள் பாடினார்கள். காத்தவராயன் ஆரியமாலையைத் தொட்டதற்குக் கழுமரம் ஏறினான். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வெட்டுப்பட்டான். ரெண்டு கதையிலும், அவன் பிறப்பால் உயர்ந்தவன், வளர்ந்ததுதான் சேரியில் என்று ஒரு ஒட்டு இருக்கிறது. அது பின்னால் போட்ட ஒட்டு என்றே நான் படிக்கிறேன். ஒட்டையும் மீறி அந்தக் கதைப்பாடல்கள் ஒரு உண்மையை விடாமல் வைத்திருக்கின்றன. பிரித்தவன் யார், கொன்றவன் யார் என்று பெயர் சொல்லுகின்றன. ஆரியமாலை துரோகி என்றோ பொம்மி ஏமாற்றினாள் என்றோ எந்த உடுக்கைக்காரரும் பாடியதில்லை. எங்கள் காதல் தோல்விப் பாட்டு அதுதான். அதை விட்டுவிட்டு இரவல் பாட்டை எடுத்துக்கொண்டோம்.

இரவல் பாட்டு என்ன செய்யும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. என் பெரியப்பா மகன், எனக்கு நாலு வயது மூத்த அண்ணன், டவுனுக்குப் போகிற பஸ்ஸில் பழக்கமான ஊர்த்தெருப் பெண்ணை விரும்பினான். அவளும் விரும்பினாள். 2011 முடிகிற நேரம் அவள் பஸ்ஸுக்கு வருவது நின்றது. போன் அணைந்தது. தை மாசம் அவளுக்குக் கல்யாணம் என்று சேதி வந்தது. அண்ணன் தண்ணி டேங்க் அடியில் உட்கார்ந்தான். கூட்டாளிகள் குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தார்கள், அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். "ஏமாத்திட்டாடா" என்று அவன் சொல்ல, "எல்லாவளும் அப்பிடித்தான்டா" என்று அவர்கள் சொல்ல, நடந்தது இன்னதென்று முடிவாகிவிட்டது. விசாரணை கிடையாது. தீர்ப்பு ஏற்கெனவே மெட்டுப்போட்டுத் தயாராக இருந்தது. அஞ்சு வருஷம் அவன் அந்தத் தீர்ப்போடுதான் குடித்தான்.

2017இல் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குச் சீட்டு வாங்குகிற வரிசையில் அவளைப் பார்த்தேன். அவளேதான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். இடுப்பில் பிள்ளை. "அண்ணன் நல்லா இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். விஷயம் தெரிந்த அன்றைக்கே செல்போனை அம்மிக்கல்லில் வைத்து உடைத்தார்கள். நாற்பது நாள் உள் அறையில் பூட்டு. சங்க இலக்கியத்தில் இதற்கு இற்செறிப்பு என்று பெயர், ரெண்டு மார்க் கேள்விக்கு வரும். ஒரு ராத்திரி அவள் அப்பா பூச்சிமருந்து டப்பாவை எதிரில் வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாராம்: "புதுக்கூரைப்பேட்டை கதை தெரியுமில்ல?"

எங்கள் மாவட்டத்தில் அந்த ஊர்ப் பெயர் ஒன்று போதும். 2003 ஜூலையில் அங்கே முருகேசனையும் கண்ணகியையும் அவள் வீட்டார் பிடித்து, மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அவன் தலித், என்ஜினீயரிங் படித்தவன். அவள் வன்னியர் வீட்டுப் பெண். ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். அப்போது எனக்குப் பதினோரு வயது. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. 2021இல்தான் கடலூர் நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்கள் உட்படப் பதின்மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. பதினெட்டு வருஷம். தண்டனையை 2025இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் அந்தப் பெண் பூட்டிய அறைக்குள் இருந்தபோது தீர்ப்பு எதுவும் வந்திருக்கவில்லை. சேதி மட்டும்தான் இருந்தது.

"நான் பேசாம இருந்தா அவரு உசுரோட இருப்பாருன்னு நெனச்சேன். அதான் பேசல" என்றாள். வரிசை நகர்ந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது பாட்டை மறுபடி படியுங்கள். அவனைக் கொல்லுகிற வெறி அவளுக்கு என்று பாட்டு சொல்கிறது. உண்மையில் கொலைவெறிக்கும் அவனுக்கும் நடுவில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தியவள் அவள். அவளுடைய மௌனத்தைத்தான் நாங்கள் அஞ்சு வருஷம் துரோகம் என்று பாடிக்கொண்டிருந்தோம். அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவன் லோடு வண்டி ஓட்டுகிறான், அவனுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "நா அவள ஊரு பூரா அசிங்கமாப் பேசிட்டேனேடி" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டு வந்து சரியாக ஒரு வருஷத்தில், 2012 நவம்பரில், தருமபுரியில் இளவரசன், திவ்யா திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். கொலைவெறி என்றால் என்ன என்று நாடு பார்த்தது. தலித் பையன்கள் ஜீன்ஸும் டீ ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள், இது 'நாடகக் காதல்' என்று சாதிக் கட்சி மேடையில் பேசினார்கள். 2013 ஜூலை 3ஆம் தேதி, இனி இளவரசனோடு வாழப்போவதில்லை என்று திவ்யா சொன்னார். மறுநாள் இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். அந்தப் பெண்ணைத் துரோகி என்று எங்கள் ஆட்களில் சிலரும் எழுதினார்கள். அவர் மனசில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் தகப்பனின் பிணமும் எரிந்த மூன்று காலனிகளும் எட்டு மாதப் பதற்றமும் நின்றன. அதையெல்லாம் அழித்துவிட்டு அவளை மட்டும் தனியே நிறுத்தினால், அது மறுபடியும் காதல் தோல்விப் பாட்டுதான்.

'ஏமாத்திட்டா' என்பது சூப் பாட்டின் மொழி. 'ஏமாத்திட்டான்' என்பது நாடகக் காதல் துண்டறிக்கையின் மொழி. ஒன்று அவளைத் திட்டுகிறது, மற்றது அவனை. ரெண்டுக்கும் வேர் ஒன்றுதான். காதல் என்றால் மோசடி. மோசடிக்காரன் காதலர்களில் ஒருத்தன், இல்லை ஒருத்தி. ரெண்டு மொழியிலும் சாதி தப்பித்துக்கொள்கிறது. அகமணமே சாதியின் சாரம் என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். சாதி உயிரோடு இருக்க வேண்டுமானால் பெண்ணைப் பூட்ட வேண்டும். பூட்டியது தெரியாமல் இருக்க வேண்டுமானால், அவளாகவே போய்விட்டாள் என்று பையனை நம்பவைக்க வேண்டும். அந்த வேலையைப் பாட்டு செய்கிறது. நம் பையன்கள் கையால் தாளம் போட்டுச் செய்கிறது.

அவளுக்கு ஒரு வரி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். கூடவே வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா, பெற்றவர்களுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார். 2020இல் உயர் நீதிமன்றம் அவர் தகப்பனை விடுதலை செய்தது என்பது வேறு கதை. ஆனால் பாட்டில் வாயடைக்கப்பட்டவள் கூண்டில் ஏறிப் பேசிவிட்டாள். கொலைவெறி யாருடையது என்று பெயரோடு சொல்லிவிட்டாள். பிறகு பறை கற்றுக்கொண்டு அடித்தாள். எந்தக் காதல் தோல்விப் பாட்டிலும் இப்படி ஒரு சரணம் கிடையாது.

2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியதிலிருந்து கானா பாடுகிற தம்பிகள் நிறைய வந்துவிட்டார்கள். இடஒதுக்கீட்டைப் பாடுகிறார்கள், மாட்டுக்கறியைப் பாடுகிறார்கள், நல்லது. பிரிவையும் பாடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அழாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆம்பளை அழட்டும், நல்லா அழட்டும். அழும்போது ஆயா கேட்ட கேள்வியையும் சேர்த்துப் பாடுங்கள்: யார் யாரைக் கொன்றது? பூட்டிய அறை, உடைத்த போன், பூச்சிமருந்து டப்பா, வாசலில் நிற்கும் சித்தப்பன், ஸ்டேஷனில் எழுதி வாங்கிய கடிதம் எல்லாவற்றையும் பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். பெயர் சுட்டக்கூடாது என்பது அவர்களுடைய அகத்திணை விதி. புறத்தே தள்ளப்பட்ட நமக்கு அந்த விதி கிடையாது.